ஜவ்வாது மலையிலிருந்து சொந்தச் சக்கரத்தில்

என் வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பக்கம் போதாது.

கிக்கரை மிதித்தால்தான் கிளம்பும் வண்டி அது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இந்தக் காலத்து ஆள் எவனும் அதைத் திருடிக்கொண்டு போக முடியாது. முதல் திருப்பத்திலேயே கியர் என்று நினைத்து பிரேக்கை மிதித்து நிற்பான். தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைப்பதற்கு முன்னால், கடை என்ற ஒன்றே இல்லாத காலத்தில், இந்த வண்டியின் இரண்டு பக்கமும் கோணி கட்டி மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று வாசல் வாசலாகப் பாத்திரம் விற்றவன் நான். பின்சீட்டில் இட்லிக் கொப்பரை, டேங்க் மேல் அண்டா, அண்டாவுக்குள் தம்ளர்கள். ஒரு தம்ளர் விழுந்து நசுங்கியதில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் இன்று மூன்று மாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதில் பாதி இந்த வண்டிக்குச் சேர வேண்டியது. மீதிப் பாதி எனக்கு. வேறு யாருக்கும் பங்கு கிடையாது.

கார் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார். ஆனால் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தால் நானே ஒரு அண்டா மாதிரி ஆகிவிடுகிறேன். யாரோ எங்கேயோ கொண்டுபோய் இறக்குகிறார்கள்.

போன மழைக்காலத்தில்தான் வினை வந்தது. மழைத் தண்ணீரில் வண்டி ஓட்ட எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. முன்னால் பெரிய வண்டி எது போகிறது என்று பார்க்க வேண்டும். பஸ்ஸோ லாரியோ, அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய்விட வேண்டும். பெரிய சக்கரம் தண்ணீரை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கொடுக்கும். குழி இருந்தால் முதலில் அது குலுங்கும், நமக்குத் தெரிந்துவிடும். ஆக்சிலேட்டரை மட்டும் விடக் கூடாது. இப்படியே எத்தனையோ மழையைக் கடந்தவன் நான். அன்றைக்குப் பார்த்து, சுரங்கப்பாதையின் நட்டநடுவில் எனக்கு முன்னால் போன லாரி நின்றுவிட்டது. லாரி நின்றால் நான் என்ன செய்வேன்? வண்டிக்குள் தண்ணீர் ஏறி அணைந்துபோனது. கடைசியில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றில் அதைப் படுக்க வைத்துக் கயிறு கட்டி, ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்தோம். தெரு முழுக்க பால்கனியில் நின்று பார்த்தது.

என் மனைவி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

முடிவு வெளியே வந்தது மகள் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது. மருமகனுக்குத் தரமணியில் கம்ப்யூட்டர் வேலை. லீவு கிடைத்தால் கூட்டாளிகளோடு மலைக்கு வண்டி எடுத்துக்கொண்டு போவது அவர் வழக்கம். தார் ரோடு இல்லாத காட்டுப்பாதையாகத் தேடிப் போவார்கள். முட்டி வரைக்கும் சேற்றோடு நின்று படம் எடுத்துப் போடுவார்கள். அன்றைக்கும் ஒரு படத்தைக் காட்டினார். ஜவ்வாது மலை. நான் பார்த்துவிட்டு, "இந்தச் சேறு என் வண்டிக்கு ஒரு சேறா?" என்றேன்.

மருமகன் சிரித்தார். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்கோ. தி.நகர் உஸ்மான் ரோடு வேற, இது வேற. உங்க வண்டி அங்கல்லாம் ஏறாது."

"ஏறாதா?"

"ஏறினாலும் எறங்காது மாமா. லாரிலதான் எறக்கணும்."

என் மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். எல்லோரும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "போகட்டும். நான் வேண்டாங்கல. ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை அந்த வண்டி அடுத்தவன் வண்டியில ஏறி வந்துச்சுன்னா, மறுநாளே அதை வித்துருவேன். புதுப்பேட்டைல பழைய வண்டி வாங்குற ஆளு பாத்து வெச்சிருக்கேன்."

"சொந்தச் சக்கரத்துல வந்தா?"

"வந்தா, நான் அதைப் பத்தி இனி வாயே திறக்க மாட்டேன்."

சாட்சிக்கு மகள், மருமகன், சம்பந்தி, சம்பந்தியம்மா, நாலு பேர். என் வண்டி பந்தயத்தில் வைக்கப்பட்டது இப்படித்தான்.

சம்பந்தி, அதாவது மருமகனின் அப்பா, மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் காதலித்ததால் நாங்கள் சம்பந்தி ஆனோமே தவிர, எனக்கும் அவருக்கும் ஒட்டுமா என்று கல்யாணத்தில் எல்லோருக்கும் சந்தேகம். நான் சத்தமாகப் பேசுவேன், அவர் பேசவே மாட்டார். அப்படிப்பட்டவர் அன்றைக்கு மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நானும் வரேன் சம்பந்தி" என்றார்.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. "நீங்களா? எதுல?"

"என் வண்டிதான். ஆபீஸ் போயிண்டு வந்துண்டு இருந்த வண்டி. சின்னதுதான், ஆனா நன்னா இருக்கு."

பிறகுதான் தெரிந்தது, என் மனைவிதான் அவரைப் பிடித்து அனுப்பியிருக்கிறாள். "அண்ணாச்சி, நீங்க கூடப் போங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுறதுக்கு உங்களை விட்டா ஆளு இல்ல" என்று மோர் ஊற்றும்போது அவர் காதோடு கேட்டுக்கொண்டாளாம். அவரும் கடமையாக ஏற்றுக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கடை வைத்திருந்தால் ஒரு மாதம் தாங்காது.

மார்கழி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாளில் கிளம்பினோம். நான் மழைக்கோட்டும் டூல்ஸ் பையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். சம்பந்தி ஒரு பிளாஸ்க் நிறைய டிகாக்‌ஷன், இரண்டு டபரா செட், வெள்ளைத் துண்டு, கூடவே ஒரு நீளமான கறுப்புக் குடை கொண்டுவந்தார்.

"மோட்டார் சைக்கிள்ல போறதுக்குக் குடை எதுக்கு?" என்றேன்.

"எறங்கினப்புறம் வேண்டாமா?" என்றார்.

ஆரணி, போளூர் என்று போய் மலையடிவாரத்தைத் தொட்டோம். வழி நெடுக நான் முன்னால், அவர் பின்னால். ஒவ்வொரு ஊரிலும் டீக்கடையில் பாலை மட்டும் வாங்கித் தன் டிகாக்‌ஷனில் கலந்து எனக்கும் கொடுத்தார். டீக்கடைக்காரர்கள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை போகலாம்.

மலை ஏற ஏற மேகம் ரோட்டுக்கு இறங்கி வந்தது. முன்விளக்கைப் போட்டால் பால் மாதிரி வெள்ளையாகத்தான் தெரிகிறது. பலா மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. ஏர் கண்டிஷன் குளிர் வேறு, இந்தக் குளிர் வேறு. இது சட்டைக்குள் புகுந்து விசாரிக்கிறது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. என் வண்டி ஏறாது என்றார்களே, ஒவ்வொரு திருப்பத்திலும் டக் டக் டக் என்று பதில் சொல்லிக்கொண்டே ஏறியது. சத்தமாக ஒரு சபாஷ் போட்டேன். கேட்க யாருமில்லை.

ஜமுனாமரத்தூர் தாண்டி, மருமகன் படம் எடுத்த காட்டுப்பாதையில் திரும்பினோம். தார் முடிந்தது. செம்மண் சேறு. ட்ராக்டர் சக்கரங்கள் இரண்டு பக்கமும் ஆழமாகக் கோடு போட்டிருந்தன, நடுவில் புல். நான் கோட்டுக்குள் இறக்கினேன். வண்டி ஆடியது, வழுக்கியது, ஒரு தடவை பக்கவாட்டில் கூடப் போனது. காலை ஊன்றினேனே தவிரப் படுக்கவிடவில்லை. அண்டாவோடு ஓட்டின கை இது. பின்னால் சம்பந்தி தன் சின்ன வண்டியில் பாட்டுக் கச்சேரிக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக வந்தார்.

அப்புறம் ஓடை வந்தது. மலைக்காரர்கள் ஓடை என்பார்கள், நான் ஆறு என்றுதான் சொல்வேன். தண்ணீர் மண் நிறத்தில், பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியது. இரண்டு பேரும் நிறுத்தினோம்.

சம்பந்தி இறங்கி, பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்தார். "நான் போய்ப் பார்த்துட்டு வரேன். ஆழம் தெரியாம எறக்கக் கூடாது." குடையை ஊன்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஓடையின் மேல்பக்கமாக ஓர் ஓரத்திலிருந்து தட்டித் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு ட்ராக்டர் வந்தது. டிரெய்லர் நிறைய சாமை மூட்டைகள், மேலே தார்ப்பாய். நிற்கவே இல்லை, நேராகத் தண்ணீரில் இறங்கிவிட்டது. பெரிய சக்கரம் தண்ணீரை இரண்டு பக்கமும் ஒதுக்கியது. நடுவில் அழகாக ஒரு வழி.

மெட்ராஸ்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? யோசிக்கவே இல்லை. கிக்கர் அடித்து, முதல் கியரில் ட்ராக்டரின் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

"சம்பந்தி! வேண்டாம்! நில்லுங்கோ!" என்று குடையை ஆட்டிக்கொண்டு அவர் கத்துவது கேட்டது. சம்பந்தி கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உஸ்மான் ரோட்டில் தண்ணீருக்கு அடியில் தார் இருக்கும். இங்கே அடியில் மணலும் உருண்டைக் கல்லும். அத்தனை பாரத்தோடு போன டிரெய்லர் சக்கரம் மணலைத் தோண்டிக் குழி பண்ணிவிட்டுப் போகிறது. அந்தக் குழிக்குள் என் முன்சக்கரம் இறங்கியது. ஒதுங்கின தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் திரும்பி வந்து மோதியது. டக், டக், அவ்வளவுதான். அணைந்தது. சீட்டு வரைக்கும் தண்ணீர்.

விழுந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விழவில்லை. ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், வண்டியை நிமிர்த்தியபடியே நின்றேன். தண்ணீர் தள்ளுகிறது, கல் உருளுகிறது, நான் விடவில்லை. ட்ராக்டர்க்காரர் அக்கரையில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். சம்பந்தியும் வந்தார். மூன்று பேரும் சேர்ந்து தள்ளி அக்கரையில் ஏற்றினோம்.

ட்ராக்டர்க்காரர் முப்பது வயது இருக்கும். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "மிஷின்ல தண்ணி பூந்துடுச்சு பெரியவரே. மூட்டையை எறக்கிட்டு வரேன். டிரெய்லர்ல தூக்கிப் போட்டுடலாம். கீழ போளூர்ல வேன் கெடைக்கும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அந்த டிரெய்லரைப் பார்த்ததும் மீன்பாடி வண்டிதான் தெரிந்தது. தெரு முழுக்க பால்கனியில். அதற்கு மேல் புதுப்பேட்டைக்காரன். கோணி கட்டின தழும்பு இன்னும் பின்பக்கக் கம்பியில் இருக்கிறது, அதையும் சேர்த்து எவனோ எடுத்துக்கொண்டு போவான்.

"இது எதுலயும் ஏறாது தம்பி. அதுவா ஓடித்தான் வரும்" என்றேன்.

அவர் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி, "அவாத்துல ஒரு நிபந்தனை இருக்கு" என்றார். ட்ராக்டர்க்காரருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டினார்.

தண்ணீர் குடித்த வண்டியை என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊர்க்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். பெரிய வெள்ளம் வந்த வருஷம் எங்கள் தெருவில் நின்ற அத்தனை வண்டிக்கும் நான்தான் வைத்தியம் பார்த்தேன். முதல் விதி, உடனே கிக்கர் அடிக்கக் கூடாது. பதறி அடித்தால் இன்ஜினே காலி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முன்பக்கத்தை நாங்கள் மூன்று பேரும் தூக்கி, வண்டியைப் பின்சக்கரத்தில் நிற்க வைத்தோம். சைலன்சர் வழியாக ஓடைத் தண்ணீர் குழாய் திறந்தது மாதிரி கொட்டியது. பிளக் இல்லாமல் கிக்கரை மிதித்தேன், மிச்சத் தண்ணீர் பீச்சியடித்தது. சம்பந்தியின் வெள்ளைச் சட்டை முழுக்க.

"தீர்த்தம்" என்றேன்.

"போறும்" என்றார்.

கார்புரேட்டரைத் துடைக்கத் துணி வேண்டும். நான் அவருடைய துண்டைப் பார்த்தேன். அவர் துண்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கொடுத்துவிட்டார். திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

கீழே நட்டைத் திறந்து ஆயிலை இறக்கினேன். டீக்கடை டீ மாதிரி வந்தது. தண்ணீர் கலந்த ஆயிலில் வண்டி ஓட்டினால் மலை இறங்குவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். புது ஆயில் வேண்டும். டூல்ஸ் பையில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. முதல் தடவையாக நான் ஒரு பாறையில் உட்கார்ந்தேன்.

"எங்க வூட்ல ட்ராக்டருக்கு வாங்கன ஆயிலு இருக்கு. ஆவுமா?" என்றார் ட்ராக்டர்க்காரர்.

"வீடு வரைக்கும் தாங்காது. போளூர் வரைக்கும் தாங்கும். அங்க மாத்திக்கலாம்."

"அப்ப யாருனா வாங்க, குடுத்தனுப்பறேன்."

நான் எழுந்தேன். சம்பந்தி தடுத்தார். "நீங்க நனைஞ்சு நடுங்கறேள். ஒக்காருங்கோ. நான் போயிட்டு வரேன்." தோளில் தொங்கிய பிளாஸ்க் பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, மழைத் தூறலில் ட்ராக்டரின் மட்கார்டில் ஏறி உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டார். பல்லக்கில் போகிற மாதிரி அந்தக் குடை மரங்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிப் போய் மறைந்தது. அப்போதுதான் குடை எதற்கு என்று எனக்கு விளங்கியது.

தனியாக இருந்தேன். ஓடைச் சத்தம், எங்கோ ஒரு பறவை, என் வண்டி. இத்தனை வருஷத்தில் கடையும் இல்லாமல் போனும் இல்லாமல் நானும் அதுவும் மட்டும் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். "விட மாட்டேன்டா" என்று டேங்க்கைத் தட்டிச் சொன்னேன்.

பிளாஸ்க்கில் இருந்தது வெறும் டிகாக்‌ஷன். அதையும் கொஞ்சம் குடித்தேன். கசப்பில் கண் திறந்துகொண்டது.

சம்பந்தி அதே ட்ராக்டரில், அதே குடையோடு திரும்பி வந்தார். ஒரு கையில் தண்ணீர் பாட்டிலில் ஆயில், மறு கையில் சொம்பில் சுடச்சுடப் பால். ஆயிலை நான் ஊற்றினேன், காபியை அவர் கலந்தார். ட்ராக்டர்க்காரருக்கும் ஒரு டபரா.

"அந்த மேல்பக்கத்துல எறக்கியிருக்கணும் சம்பந்தி" என்றார் ஆற்றிக்கொண்டே. "சத்தம் ஜாஸ்தியா இருக்கற எடத்துல ஆழமே இருக்காது. தட்டிப் பார்த்தேன்."

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பேன். காபி அவர் கையில் இருந்தது, விட்டுவிட்டேன்.

பிளக்கை ட்ராக்டர்க்காரர் கொடுத்த வத்திக்குச்சியில் சூடு காட்டி மாட்டினேன். கிக்கர் அடித்தேன். ஒன்றுமில்லை. மறுபடி. மறுபடி. கால் கடுத்தது. ட்ராக்டர்க்காரர் டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்கு ரோஷம் ஏற்றியது. எழுந்து நின்று மொத்தக் கனத்தையும் போட்டு ஒரு மிதி. டுப் என்று ஒரு வெடி, வெள்ளைப் புகை, அப்புறம் டக். டக். டக் டக் டக்.

சம்பந்தி கைதட்டினார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கச்சேரியில் தட்டுவது மாதிரி.

அவர் வண்டி இன்னும் நாங்கள் வந்த கரையிலேயே நின்றது. நாங்களும் திரும்பத்தான் வேண்டும். தான் தட்டிப் பார்த்த மேல்பக்கத்தில் அவர் குடையைப் பிடித்தபடி முன்னால் நடக்க, நான் பின்னால் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். பஸ்ஸுக்குப் பின்னாலும் லாரிக்குப் பின்னாலும் போனவன், அன்றைக்கு ஒரு குடைக்குப் பின்னால் போனேன். சௌகரியமாகத்தான் இருந்தது.

அன்று ஜமுனாமரத்தூரில் தங்கி, மறுநாள் போளூரில் ஆயில் மாற்றி, வழி முழுக்க நனைந்துகொண்டே சாயங்காலம் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தோம். வாசலில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். புதுப்பேட்டைக்காரர். என் மனைவி எந்த அளவுக்கு நம்பிக்கையோடு இருந்திருக்கிறாள் என்று பாருங்கள், ஆளையே வரவழைத்துவிட்டாள்.

"இன்னா நைனா, வண்டி சேத்துல குளிச்சிக்கினு வந்துகீது?" என்றார் அவர். "மெட்ராஸ்லயே இம்மாஞ் சேறு கெடையாதே."

"இது மலைச் சேறு. தொட்டுக் கும்பிடு."

மனைவி இறங்கி வந்தாள். முதலில் சக்கரங்களைப் பார்த்தாள், அப்புறம்தான் என்னை. என்னிடம் கேட்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. எதுல வந்துச்சு?"

"மலைலேர்ந்தே சொந்தச் சக்கரத்துலதான் வந்தது. நான் பின்னாடியே வந்துண்டிருந்தேன்." சம்பந்தி தொண்டையைச் செருமினார். வருகிறது என்று தெரிந்தது. "நடுவுல ஓடைல எறங்கி நின்னுடுத்து. ட்ராக்டர் பின்னாடி போனார். டிரெய்லர்ல ஏத்தலாம்னு சொன்னா, இவர் ஒத்துக்கலை. இவரே சரி பண்ணினார்."

"விழுந்தாகளா?"

"இல்லை. இடுப்பளவு தண்ணில வண்டியைப் பிடிச்சுண்டே நின்னார். அதை நான் பார்த்தேன்."

இதை நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் சொன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி.

மனைவி சக்கரத்துச் சேற்றை விரலால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு புதுப்பேட்டைக்காரரிடம் திரும்பினாள். "வண்டி விக்கிறதா இல்லங்க. மழையில வந்துட்டீங்க, காபி குடிச்சிட்டுப் போங்க."

"மழைல அம்மாந் தொலைவு வந்தேனேம்மா." அவர் போர்ட்டிகோ பக்கம் எட்டிப் பார்த்தார். "அப்ப அந்தக் காரைனா குடு நைனா. அது சொம்மாதான நின்னுகினுகீது?"

சம்பந்தி சிரித்து நான் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

மார்கழி பிறந்த அன்று விடியற்காலையில் என் மனைவி மயிலாப்பூர்க் கோயிலுக்குக் கிளம்பி நின்றாள். டிரைவர் வர நேரமாகும் என்றாள். வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தாள். சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கொப்பரை இருந்த இடம். எத்தனை வருஷம் ஆயிற்று!

மந்தைவெளி திரும்பும்போது ரோட்டில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு பஸ் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு போனது. என் கை தானாக அதன் பின்னால் திரும்பியது.

தோளில் ஒரு தட்டு விழுந்தது. "பஸ் பின்னாடி போகாதீக."

ஓரமாக, தண்ணீர் சலசலத்த பக்கமாகப் போனேன். வாயே திறக்க மாட்டேன் என்று சொன்னவள் திறந்துவிட்டாள் என்று, பந்தயத்துக்குச் சாட்சியான மருமகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.